கூனோவின் நூற்றுப் பதினெட்டு இதழ்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் செய்தது நல்ல காரியம். வேலை முடிந்து வந்து, பதினொரு நாள் குசினி மேசையில் குனிந்திருந்து, விரலெல்லாம் ஊசி குத்திச் செய்த காரியம். அதற்கு மேல்வீட்டு மான்ஃபிரெட் தந்த பரிசு, எங்கள் வாசலில் நின்று நாலு மாடிக்கும் கேட்கும்படி என்னைக் கொலைகாரன் என்று கூப்பிட்டது.

நடந்தது 1996இல், பீலெஃபெல்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகரத்தில். குசினி அலுமாரி செய்யும் தொழிற்சாலை ஒன்றில், பொதி கட்டும் பகுதியில், மான்ஃபிரெட்டும் நானும் ஒன்றாக வேலை செய்தோம். அவன் கிழக்கு ஜேர்மனியில் கேரா என்ற நகரத்து ஆள். சுவர் விழுந்து, அவன் வேலை செய்த தொழிற்சாலையை இழுத்து மூடியபிறகு 91இல் மேற்கே வந்தவன். நான் இலங்கையில் மன்னார்க்காரன், பெயர் லோறன்ஸ், 86இல் வந்தவன். தொழிற்சாலையில் என்னை 'இந்தியன்' என்பார்கள், அவனைக் 'கிழக்கான்' என்பார்கள். மத்தியானச் சாப்பாட்டு மேசையில் இரண்டு பேருக்கும் மூலைக் கதிரைதான்.

அந்த மேசையில்தான் இந்தத் தலையிடி தொடங்கியது. ஒருநாள் யாரோ தன் பிள்ளைக்கு வாங்கிய சித்திரக்கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தான். மான்ஃபிரெட் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எங்களிடம் இதைவிட நல்லது இருந்தது," என்றான். மேசை முழுக்கச் சிரித்தது. "உங்களிடம் சித்திரக்கதை இருந்ததா? எதை வரைந்தார்கள், டிராக்டரையா?" என்று ஒருவன் கேட்டான். மான்ஃபிரெட் கரண்டியை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டான். நான்தான் அவன் பாத்திரத்தையும் சேர்த்துக் கழுவினேன்.

அன்று பின்னேரம் என்னை மேலே கூட்டிப்போய் அலுமாரியைத் திறந்து காட்டினான். 'கூனோவும் அமாலியாவும்', நூற்றுப் பதினெட்டு இதழ்கள். கூனோ ஒரு கப்பல் சமையற்காரன். முதலாம் இதழில் உப்பு வாங்கக் கரைக்கு இறங்குகிறான், கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. சூப் வைக்கவென்று வாங்கின வாத்தைக் கொல்ல மனமில்லாமல் அதையும் இழுத்துக்கொண்டு கப்பலைத் துரத்துகிறான். அந்த வாத்துத்தான் அமாலியா. லிஸ்பனில் துரத்துகிறான், சன்சிபாரில் துரத்துகிறான், கல்கத்தாவில் துரத்துகிறான். அவன் போய்ச் சேரக் கப்பல் புறப்பட்டிருக்கும். முப்பது வருடம் துரத்தியும் அந்தக் கோதாரிக் கப்பல் பிடிபடவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு இதழ்தான் வருமாம். கடதாசி அரசாங்கத்தின் பங்கீடு. நினைத்தவுடன் சந்தா எடுக்க ஏலாது, சந்தா வைத்திருப்பவர் செத்தால் அல்லது கைவிட்டால்தான் இன்னொருவருக்கு இடம். வாயிலிருந்து குமிழி கிளப்பிப் பேசுவது அமெரிக்கப் பழக்கம் என்று மேலிடத்தில் யாரோ ஒரு விசரன் முடிவெடுத்ததால், கூனோ பேசுவதெல்லாம் படத்துக்குக் கீழே வரிசையாக அச்சாகியிருக்கும். மேற்கிலிருந்து வரும் சித்திரக்கதைகளைப் பள்ளிக்கூடத்தில் பையைத் திறந்து பார்த்துப் பறிப்பார்களாம். மான்ஃபிரெட்டின் பெரியம்மா பத்திரிகைக் கடையில் நின்றவ. ஒவ்வொரு தடவையும் ஒரு கூனோவைக் கல்லாவுக்குக் கீழே ஒளித்துவைத்துக் கொடுப்பாவாம். 1990இல் நாடு முடிய, பதிப்பகமும் முடிந்தது. நூற்றுப் பதினெட்டாம் இதழின் கடைசி வரி 'தொடரும்'. அதோடு சரி.

நல்ல காலமோ கெட்ட காலமோ, அந்த வருடம் எங்கள் நகரத்துக் கலாசார மண்டபத்தில் கிழக்கு ஜேர்மனியின் சித்திரக்கதைகளைக் கண்காட்சி வைக்கப்போகிறார்கள் என்று பேப்பரில் வந்தது. மான்ஃபிரெட் கடிதம் போட்டான். பொறுப்பாக இருந்த ஃபிறவ் பிராண்டெஸ் என்ற பெண், நவம்பர் முதல் வியாழக்கிழமை வந்து பார்க்கிறேன், நன்றாக இருந்தால் எடுக்கிறேன் என்று பதில் போட்டா. அந்தக் கடிதத்தை அவன் எனக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினான். அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். டிராக்டர் என்று சிரித்தவர்கள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்று கூனோவைப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் கடைசியில் அவனுக்குக் கூர் கிடைத்தது. முதுகு நோவுக்குக் காப்புறுதிக்காரரின் செலவில் மூன்று கிழமை மலைப்பக்கம் போய்ச் சேற்றுக் குளியலும் உடற்பயிற்சியும் செய்துவிட்டு வருவதற்குப் பெயர் கூர். அந்த நேரம் பார்த்து அவன் வீட்டில் தண்ணீர்க் குழாய் மாற்ற ஆட்கள் வருவதாக இருந்தது. இரண்டு வாழைப்பழப் பெட்டிகளில் கூனோவை அடுக்கி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

"பார், கம்பியெல்லாம் துருப்பிடித்துவிட்டது," என்றான். "தாள் கழன்று விழுகிறது. இந்த நிலையில் அந்தப் பெண்ணுக்கு எப்படிக் காட்டுவது? ஏதாவது செய்ய வேண்டும்."

"நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் முதுகைப் பார்," என்றேன். நீ நல்லவன் என்று தோளில் தட்டிவிட்டுப் போனான். இது நடந்தது. கோர்ட்டுக் கூண்டில் ஏற்றிக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

இப்போது எங்கள் ஊர்ப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். வாசிக்கிற வீடு என்றால், கிழமைப் பத்திரிகையில் வரும் தொடர்கதையைக் கிழமைக்குக் கிழமை கிழித்தெடுத்துச் சேர்ப்பார்கள். கதை முடிந்ததும் அடுக்கித் தைத்து, பசை பூசி, தடித்த மட்டை போட்டுக் கட்டிவைப்பார்கள். கட்டும்போது பத்திரிகையின் அட்டை, சோப்பு விளம்பரம், சாத்திரம், சமையற் குறிப்பு எல்லாம் போய்விட வேண்டும். 'தொடரும்' என்ற சனியனும் போய்விட வேண்டும். கதை தடக்குப்படாமல் ஓட வேண்டும். அப்படிக் கட்டினால்தான் அது புத்தகம், கட்டாதவரைக்கும் அது கடலைக்குச் சரை சுற்றுகிற கடதாசி. என் அக்கா பற்றிமா கட்டின கதைகளை இரவல் வாங்க எங்கள் றோட்டில் ஆட்கள் முறை வைத்துக் காத்திருந்தார்கள்.

"அந்த மனுசனைக் கேட்டுப்போட்டுச் செய்யுங்கோவன்," என்றாள் டொறத்தி. டொறத்தி என் மனைவி. நான் சந்தோசமாக ஒரு வேலையைத் தொடங்கினால் அவளுக்குப் பொறுக்காது.

"வருத்தத்துக்கு மருந்தெடுக்கப் போன மனுசனுக்கு ரெலிபோன் எடுத்து, நூல் வெள்ளையோ கறுப்போ எண்டு கேக்கச் சொல்லுறியே?"

"நூலைக் கேக்கச் சொல்லேல்ல. கிழிக்கலாமோ எண்டு கேளுங்கோ."

"கிழிக்காமல் எப்பிடியப்பா கட்டுறது?"

"எனக்கென்ன. பிறகு என்னட்டை வந்து நிக்காதையுங்கோ."

துருக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். முன் மட்டையும் பின் மட்டையும் எடுத்தேன். கடைசி நாலு பக்கமும் எடுத்தேன். அதில் கதை இல்லை. பிள்ளைகளே, பழைய கடதாசி சேருங்கள் என்று ஒரு பக்கம், உருக்கு எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு பக்கம், வாசகர் கடிதம், குறுக்கெழுத்து. கதையை மட்டும் வரிசைப்படுத்தித் தைத்தேன். தொழிற்சாலையில் லேபல் வெட்டும் இயந்திரத்தில் கொடுத்து மூன்று பக்கமும் ஒட்ட வெட்டினேன், விளிம்பு சவர்க்காரக் கட்டி மாதிரி வழுவழுவென்று வந்தது. சிவப்புத் துணி ஒட்டின மட்டை, நான்கு தொகுதி. டொறத்தியின் கையெழுத்து நல்லது, ஏசி ஏசித் தங்க மையால் தலைப்பு எழுதித் தந்தாள்.

வாசிக்காமல் கட்ட எனக்கு ஏலாது. முதல் முப்பது இதழையும் அகராதி வைத்துத்தான் வாசித்தேன், பிறகு அகராதி தேவைப்படவில்லை. பத்து வருடமாகப் படிவங்களிலும் பொதிகளிலும் மட்டும் பார்த்த டொச்சில், அந்த ஜேர்மன் மொழியில், ஒரு மனிதன் வாத்தோடு சண்டை பிடிப்பதை முதல்தடவையாக வாசித்தேன். அமாலியாவைச் சுங்கக்காரர் பிடித்து வைத்திருந்த இடத்தில் நிறுத்த முடியாமல் வேலைக்குப் பிந்திப் போனேன். இப்படி ஒரு கதையை ஒருவன் மூன்று மாதத்துக்கு ஒருக்கால் துண்டு துண்டாக வாசித்திருக்கிறான், அவனுக்கு முழுசாகக் கையில் கொடுக்கப்போகிறேன் என்று எனக்கு ஒரே பெருமை.

மான்ஃபிரெட் வந்தான். முகம் நன்றாகத் தேறியிருந்தது. நான்கு தொகுதியையும் மேசையில் அடுக்கி, பக்கத்தில் கேக்கும் வைத்திருந்தோம். ஒன்றை எடுத்துத் திறந்தான். திருப்பினான். திரும்பவும் முதற்பக்கத்துக்குப் போனான்.

"மட்டைகள் எங்கே?"

"நீலத் தொட்டியில் போட்டுவிட்டேன். கடதாசி வேறு, துருக் கம்பி வேறு என்று பிரித்துத்தான் போட்டேன்."

"எப்போது?"

"போன கிழமை. செவ்வாய்க்கிழமை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்."

நான்காம் தொகுதியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் தடவிப் பார்த்தான். "இதில் 'தொடரும்' என்று இருந்தது."

"அதுதான் தொடரவில்லையே," என்றேன். "வெட்டிவிட்டேன்."

அப்போதுதான் கொலைகாரன் என்று கத்தினான். வாசலுக்குப் போய், அங்கே நின்று இன்னொரு தரம் கத்தினான். புத்தகங்களையும் எடுக்கவில்லை, கேக்கையும் தொடவில்லை. இந்த நாட்டில் குப்பையைப் பிரிக்காவிட்டாலும் ஏச்சு, பிரித்தாலும் ஏச்சு. டொறத்தி கேக்கை மூடி வைத்தாள். அப்போதே சொன்னேனே என்று அவள் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அடுத்த இரண்டு கிழமையும் தொழிற்சாலையில் என்னோடு ஒரு வார்த்தை இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பதினொரு நாள்! ஆனால் படுத்தால் அவன் அந்தக் கடைசிப் பக்கத்தைத் தடவிப் பார்த்த கைதான் நினைவுக்கு வந்தது. கோபம் ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம் என்றால் மனுசன் எப்படி நித்திரை கொள்கிறது?

நவம்பர் முதல் வியாழக்கிழமை அவன் வந்து கதவு தட்டினான். பின்னால் ஃபிறவ் பிராண்டெஸ். கொலோன் பக்கத்துப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், கையில் வெள்ளைப் பருத்திக் கையுறை. "நீயே இவவுக்குச் சொல்லு," என்று மான்ஃபிரெட் என்னிடம் சொல்லிவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றான்.

சொன்னேன். நல்ல முறையில்தான் சொன்னேன். அவ முதலாம் தொகுதியைத் திறந்ததும் முகம் கறுத்துப்போனது.

"விலை எங்கே? அச்சிட அனுமதி கொடுத்த இலக்கம் எங்கே? கடதாசி சேர்க்கச் சொல்லும் பக்கம் எங்கே? எங்கள் கண்காட்சியின் பெயரே 'மேற்பார்வையில் சிரிப்பு'. எனக்கு வேண்டியதே அந்தப் பக்கங்கள்தான்." புத்தகத்தை மூடினா. "நீங்கள் அந்த நாட்டை வெட்டி எறிந்துவிட்டுக் கதையை மட்டும் வைத்திருக்கிறீர்கள்."

"ஓம்," என்றேன். "அதுக்குத்தானே கட்டுறது." கோபத்தில் தமிழ் வந்துவிட்டது. டொச்சில் திரும்பச் சொல்லுமுன் சுவர்ப் பக்கத்திலிருந்து மான்ஃபிரெட்டின் குரல் வந்தது.

"ஆறு வருடமாக நீங்கள் எல்லாரும் கதையை எறிந்துவிட்டு நாட்டை மட்டும் வைத்திருக்கிறீர்கள்."

ஃபிறவ் பிராண்டெஸ் திரும்பிப் பார்த்தா.

"அனுமதி இலக்கத்தைப் பார்க்கவா நான் பெரியம்மாவின் கடைக்கு ஓடினேன்?" அவன் சுவரை விட்டு முன்னால் வந்தான். "அந்த வாத்துக்காக ஓடினேன். உங்களில் ஒருவராவது அந்த வாத்தைப் பற்றி என்னிடம் கேட்டதுண்டா? யார் தடுத்தார்கள், யார் வேவு பார்த்தார்கள், அதுதான் கேள்வி. நாங்கள் சிரித்ததைப் பற்றி ஒரு கேள்வி இல்லை." பிறகு என் பக்கம் விரலை நீட்டினான். "நீ சிரிக்காதே. உன்னை நான் மன்னிக்கவில்லை."

நான் சிரிக்கவேயில்லை. யார் சிரிப்பார்கள், அந்த நேரத்தில்?

நல்லவேளை, அந்தப் பெண் கெட்டவ இல்லை. கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டாம் தொகுதியை எடுத்து, நின்றபடியே வாசித்தா. ஐந்து பக்கம், பத்துப் பக்கம். ஒரு இடத்தில் மூக்கால் சிரித்தா. "இந்த ஆள் ஏன் உப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டே திரிகிறார்?" என்று கேட்டா. நானும் மான்ஃபிரெட்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லத் தொடங்கி, இரண்டு பேரும் நிறுத்தி, பிறகு ஒருவரையொருவர் முறைத்தோம்.

போகும்போது சொன்னா: "மட்டையோடும் கடைசிப் பக்கங்களோடும் முழுசாக ஒரே ஒரு இதழ் கொண்டுவாருங்கள். அதை நடுவில் வைத்து, இந்த நான்கையும் பக்கத்தில் வைக்கிறேன். மாதக் கடைசிக்குள் வேண்டும். இல்லாவிட்டால் கூனோ இல்லை."

அவ போனதும் மான்ஃபிரெட் கதிரையில் இருந்தான், முதுகைப் பிடித்துக்கொண்டு. "கேராவில் சனிக்கிழமைகளில் பழைய சாமான் சந்தை. ஒரு கிழவனிடம் பெட்டி பெட்டியாக இருக்கிறது, போன வருடம் பார்த்தேன். நீ போய் ஒன்று எடுத்துக்கொண்டு வா. ஆறு ரயில் மாறி ஏழு மணித்தியாலம் இருக்க இந்த முதுகால் முடியாது. கெடுத்தவன் நீ, போகவேண்டியவனும் நீ."

நியாயம்தான். "இந்தச் சனி ஏலாது," என்றேன்.

"அடுத்த சனி."

"டொறத்திக்குச் சுகமில்லை."

டொறத்திக்கு டொச் நன்றாக விளங்கும். குசினியிலிருந்து துவாயும் கையுமாக வந்தாள். "இன்னும் எத்தினை வரியத்துக்கு என்னை வருத்தக்காரி ஆக்கப்போறியள்?" என்று தமிழில் என்னை ஏசிவிட்டு, அலுமாரியிலிருந்த கடதாசிக் கோப்பைக் கொண்டுவந்து அவன் முன்னால் திறந்து வைத்தாள்.

அதில் இருந்தது என் டுல்டுங். உன்னை ஏற்கவில்லை, ஆனால் இப்போதைக்குத் திருப்பி அனுப்பாமல் விட்டுவைத்திருக்கிறோம் என்று சொல்கிற கடதாசி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ப் புதுப்பிக்க வேண்டும். தங்குவதும் நடமாடுவதும் நாங்கள் இருந்த நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்துக்குள் மட்டும் என்று நடுவில் பெரிதாக அச்சடித்திருந்தது.

மான்ஃபிரெட் அதை வாசித்தான். "கேராவுக்குப் போக முடியாதா?"

"முடியாது."

"ஹனோவர்?"

"வேறு மாநிலம்."

"ஒஸ்னாபுறூக்? அது நாற்பது கிலோமீற்றர்தானே! நான் அங்கே சப்பாத்து வாங்கப் போகிறேன்!"

"நீ போவாய்."

"அங்கே கம்பி வேலி இல்லை, காவற்காரன் இல்லை. ரயிலில் ஏறினால் யாருக்குத் தெரியும்?"

"ரயிலில் பொலிஸ் ஏறினால் முதலில் யாருடைய கடதாசியைக் கேட்கும்? உன்னுடையதையா?"

அவன் கடதாசியை மடித்துக் கோப்புக்குள் வைத்தான். "ஐந்து வருடமாக உன் தலைக்கு மேலே குடியிருக்கிறேன். ஏன் சொல்லவில்லை?" என்றான். என்னத்தைச் சொல்வது? தொழிற்சாலைச் சுற்றுலா பஸ் ஹம்பேர்க் போனபோதும் பேர்லின் போனபோதும் ஏதோ ஒரு பொய் சொல்லி நின்றுவிட்டேன். எனக்கு வெட்கம். வெட்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். "சொன்னால் என்ன செய்திருப்பாய்?" என்று அவன் மேல் பாய்ந்தேன்.

அவன் செய்ததையும் பார்க்க வேண்டும். அடுத்த திங்கட்கிழமை என்னை வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். டெர்மின், முன்கூட்டிக் குறித்த நேரம், இல்லாமல் போக ஏலாது என்று சொன்னேன், கேட்கவில்லை. அரை நாள் காத்திருந்து, உத்தியோகத்தரின் முன்னால் குந்தினோம். மரியாதையான மனுசன், கண்ணாடி போட்டவர். அன்ராக் என்ற விண்ணப்பப் படிவத்தை நீட்டினார். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று நான் யோசிக்க, மான்ஃபிரெட் பேனையைப் பறித்து 'சித்திரக்கதை' என்று எழுதினான்.

உத்தியோகத்தர் அதை இரண்டு தரம் வாசித்தார். "இது கட்டாயமான காரணம் இல்லை," என்றார்.

"1983இல் மேற்கே ஹனோவரில் என் சித்தி செத்துப்போனா," என்றான் மான்ஃபிரெட். "செத்தவீட்டுக்குப் போக விண்ணப்பம் போட்டேன். கேராவில் எனக்குச் சொன்னதும் இதே வார்த்தைதான். கட்டாயமான காரணம் இல்லை. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை."

"அது சர்வாதிகாரம். இங்கே சட்டம்."

"அங்கேயும் சட்டம் என்றுதான் சொன்னார்கள்."

நான் மேசைக்குக் கீழே அவன் காலை மிதித்தேன். இவன் வீரம் பேசிவிட்டுப் போவான், பெப்ரவரியில் இதே கதிரையில் இதே மனுசனுக்கு முன்னால் வந்து இருக்கப்போகிறவன் நான். படிவம் திரும்பி வந்தது, மறுப்பு முத்திரையோடு. படியிறங்கும்போது மான்ஃபிரெட்டை நன்றாக ஏசினேன். உதவி செய்கிறேன் என்று ஒருவரும் என்னைக் கேட்காமல் எனக்காகக் கத்த வேண்டாம் என்றேன். அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தான். திருப்பி ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

சனிக்கிழமை விடிய அவன் தனியாகப் போனான். ஞாயிறு பின்னேரம் பார்க்க ஆள் வில் மாதிரி வளைந்து வந்து இறங்கினான். பைக்குள்ளிருந்து, இரண்டு மட்டைத் தாளுக்கு நடுவில் வைத்த 63ஆம் இதழை எடுத்து மேசையில் வைத்தான். முன் அட்டையில் அமாலியா ஒரு நங்கூரத்தின் மேல் நிற்கிறாள். பின்னால் கடதாசி சேருங்கள், உருக்கு, கடிதம், எல்லாம் இருந்தன.

"தொடாதே," என்றான். பிறகு, "வாரக்கடைசி ரயில் ரிக்கற் ஐந்து பேருக்கானது. ஒரு ஆளுக்குத் தனியாக விற்க மாட்டார்களாம். போகவரப் பதினாலு மணித்தியாலமும் பக்கத்து இருக்கையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்," என்றான். டொறத்தி அவனுக்குச் சோறு போட்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் சாப்பிட்டான்.

கண்காட்சி டிசம்பர் முதல் ஞாயிறு திறந்தது. நகர முதல்வர் வந்து பேசினார். கூனோவின் கண்ணாடிப் பெட்டி வாசலுக்கு நேரே இருந்தது. நடுவில் 63ஆம் இதழ், சுற்றி என் சிவப்புத் தொகுதிகள் மூன்று. இரண்டாம் தொகுதியைப் பெட்டிக்கு வெளியே ஒரு சாய்மேசையில் விரித்து, வருபவர்கள் வாசிக்கலாம் என்று விட்டிருந்தா ஃபிறவ் பிராண்டெஸ். தொழிற்சாலையிலிருந்து ஆறேழு பேர் குடும்பமாக வந்தார்கள். டிராக்டர் என்று கேட்டவனும் வந்தான். சாய்மேசைக்கு முன்னால் நின்று பக்கம் திருப்பினான், சிரித்தான், மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினான். சரியான இடத்தில்தான் சிரித்தான். நான் மான்ஃபிரெட்டைப் பார்த்தேன். இனியாவது மனுசன் நிம்மதியாக இருப்பான் என்று நினைத்தேன்.

அவன் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. பெட்டியில் ஒட்டியிருந்த விளக்க அட்டையை வாசித்துக்கொண்டு நின்றான். நானும் போய் வாசித்தேன். 'கூனோவும் அமாலியாவும், 1961 முதல் 1990 வரை. தங்கள் நாட்டை விட்டு வெளியே போக அனுமதியில்லாத வாசகர்களுக்கு உலகத்தின் துறைமுகங்களைக் காட்டிய சித்திரக்கதை. தொகுதிகளைக் கட்டியவர், இந்த நகரத்தில் வசிக்கும் லோறன்ஸ்.' என் பெயரை அச்சில் பார்க்க நெஞ்சு விம்மியது உண்மை.

மான்ஃபிரெட் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தான். நான் கையைப் பிடிக்குமுன், என் பெயருக்குக் கீழே அந்த வடிவான அட்டையில், கட்டையெழுத்தில் எழுதிவிட்டான்.

'இவருக்கு இந்த மாநிலத்தை விட்டு வெளியே போக இன்றும் அனுமதியில்லை.'

நகர முதல்வர் பத்தடியில் நிற்கிறார். தொழிற்சாலை முழுக்க நிற்கிறது. பத்து வருடமாக நான் மூடி மறைத்ததை இந்த விசரன் விளக்கு வெளிச்சத்தில் எழுதி வைத்துவிட்டான். "கேட்டுவிட்டுச் செய்ய மாட்டாயா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். சொன்னபிறகுதான் யாரிடம் எதைச் சொல்கிறேன் என்று உறைத்தது. அவன் பேனையை மூடிச் சட்டைப்பையில் வைத்தான். டொறத்தி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஃபிறவ் பிராண்டெஸ் ஓடி வந்தா. அட்டையை வாசித்தா. மான்ஃபிரெட்டிடம் ஒன்றும் கேட்கவில்லை, என் பக்கம் திரும்பினா. "இது உண்மையா?"

"ஓம்," என்றேன், பிறகு டொச்சிலும் சொன்னேன்.

"என்னிடம் இன்னொரு அட்டை இருக்கிறது. வேண்டுமென்றால் இதை இப்போதே எடுத்துவிடலாம். நீங்கள் சொல்லுங்கள். எடுக்கவா, வைக்கவா?"

டிராக்டர்க்காரன் எங்களுக்குப் பின்னால் வந்து நின்று, தலையை நீட்டி வாசிக்கத் தொடங்கியிருந்தான். இந்த நாட்டில் எத்தனை மேசைக்கு முன்னால் இருந்திருக்கிறேன், எத்தனை அன்ராக் நிரப்பியிருக்கிறேன். என்னைப் பற்றி எழுதியதை எடுக்கவா வைக்கவா என்று என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை.

"இருக்கட்டும்," என்றேன். "எடுக்க வேண்டாம்."